பெட்டிக்குள் நீல உருண்டை

பிப்ரவரி 9

அன்புள்ள, அதாவது ஒரு காலத்தில் அன்பாக இருந்து இப்போது கடிதமே போடாத அண்ணாவுக்கு,

நான் நலம். அப்பா நலம். அப்பாவின் பல்வலியும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. உன் மலையுச்சி வானிலை நிலையத்தில் போன் எடுக்காது, சாமான் லாரி வந்தால்தான் தபால் வரும் என்பதெல்லாம் சரி. கையுமா உறைந்துவிட்டது?

எனக்குப் பதவி கிடைத்திருக்கிறது. ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கு அடியில் ஒரு சைக்கிள் ஹாரனை வைத்தேன். அவர் உட்கார்ந்தார். மீதியை நீயே படமாக ஓட்டிக்கொள். தண்டனையாக பிசிக்ஸ் சார் என்னைத் தன்னுடைய மண்மேட்டு வேலைக்குத் தலைவியாக்கிவிட்டார். "ஹாரன் மேல அவ்வளவு ஆசைன்னா உருப்படியா ஒண்ணு வை" என்றார். நெஞ்சில் ஈரமே இல்லாத மனிதர் என்னை மண்ணில் ஈரம் பார்க்கச் சொல்கிறார்.

குவாரிக்காரர்கள் நம் குடியிருப்புக்குப் பின்னால் கொட்டி வளர்த்த மேடு, நீ போன பிறகு என்னைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. போன மழையில் அதன் ஒரு மூலை இறங்கி, கடைசி வீட்டுத் தையல் மாமாவின் குளியலறைச் சுவரைத் தள்ளியது. மண் ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் குடித்தால்தான் இறங்குமாம். அதனால் மேட்டில் சென்சர் குத்தியிருக்கிறோம். சினிமாவை வெட்டுகிற சென்சார் இல்லை, பல் கொட்டிய முள்கரண்டி மாதிரி ஒரு தகடு. அதன் தலையில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒயர், நம் வீட்டை ஒட்டிய விளக்குக் கம்பத்தில் ஹாரன். ஈரம் சார் குறித்த எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஹாரன் கத்தும், எல்லோரும் ஓட வேண்டும். ஒயர் வேலை முழுக்க நம் எலக்ட்ரீஷியன் அப்பா. வழக்கம்போல் டேப்பைச் சுற்றிவிட்டு நுனியை மடித்துவிட்டார். "நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்தால சுரண்டிக்கிட்டு இருக்கக் கூடாது பாரு." வேறு யார் இப்படிச் செய்கிறார்கள்? குடியிருப்பில் எந்த ஒயரைப் பார்த்தாலும் அப்பா கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், போன வாரம் மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஹாரன் கத்திவிட்டது. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்து, மேட்டைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்கள். தையல் மாமா கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு நின்று, "மழையே இல்ல, மண்ணு எப்படி நனையும்? இது உன் வேலைதானே?" என்றார். எனக்கும் அவருக்கும் போர் நடப்பது உண்மை. அவர் தைத்து வைத்த பேண்ட் பைகளில் நான் கூழாங்கல் போட்டேன். அவர் என் சீருடைச் சட்டையின் கைகளை வாய் மூடித் தைத்து அனுப்பினார், அசெம்பிளியில் கை வெளியே வரவில்லை. ஆனால் இந்தக் குண்டு என்னுடையது இல்லை அண்ணா. தகட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பாத்ரூம் ஓட்டைக்கு அப்புகிற பேஸ்ட்டைத்தான் பூசியிருந்தேன், பூசும்போதே புளித்த வாடை. இப்போது உள்ளே பச்சை பூத்திருக்கிறது.

மழையிலும் பனியிலும் கிடக்கும் பெட்டிகளைக் காய்ந்த மாதிரி வைத்திருக்கத்தானே உனக்குச் சம்பளம்? சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
குடியிருப்பின் பொதுத் தொல்லை

அப்பா சேர்ப்பது: இங்கு அனைவரும் சுகம். மஃப்ளர் கட்டிக்கொள்.

மார்ச் 2

பொதுத் தொல்லைக்கு,

சுகம். மஃப்ளர் கட்டியிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல். பல்லைப் பிடுங்கச் சொல்.

உன் வாழ்க்கையில் முதல்முறையாக நீ செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறாய். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

புளித்த வாடை அடிக்கிற பேஸ்ட் காயும்போது அமிலம் விடும். செம்பைத் தின்னும். வாடை இல்லாத ரகம் வாங்கு. ஆனால் உன் பெரிய ஓட்டை அது இல்லை. தகட்டின் முகத்தில் பூசியிருப்பாய், விளிம்பை விட்டிருப்பாய். வெட்டிய விளிம்பு ரஸ்க் மாதிரி, மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் சால்டரிங் பேஸ்ட் பிசுக்கை ஸ்பிரிட் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. வெயிலில் நன்றாகக் காய வை. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் நீயே அதைச் சிறை வைத்த மாதிரி. விளிம்பெல்லாம் நெயில் பாலிஷ் பூசு, காய்ந்ததும் மறுபடி பூசு. மேல்பாதியில் பாகங்கள் இருக்கும் இடத்தை ரெண்டு ட்யூப் கலக்கிற பிசினில் முழுக்காட்டு. மண்ணுக்குள் போகிற பாதிக்கு மெல்லிய பூச்சு போதும். தடியாகப் பூசினால் போர்வைக்குள் இருக்கிறவனுக்கு வெளியே குளிர் தெரியாத கதையாகிவிடும். ஒயரைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஏற்று, கீழே ஒரு தொங்கல் விடு. தண்ணீர் அங்கே சொட்டிவிட்டுப் போகட்டும்.

ஒன்றை மறக்காதே. உள்ளே தண்ணீர் புகுந்தால் சென்சர் 'ஈரம், ஈரம்' என்று முந்திக்கொண்டு கத்தும். உன் வெயில் ஹாரன் அதுதான்.

இத்துடன் ஒரு பொட்டலம். கண்ணாடி மாதிரி நீல உருண்டைகள். ஒன்றைப் பெட்டியின் தெளிந்த மூடிக்கு உள்ளே வை. ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகும். நீலமாக இருக்கும் வரைக்கும் உன் வேலை சுத்தம். தின்றுவிடாதே.

அண்ணன்

மார்ச் 20

உருண்டை வியாபாரிக்கு,

நாங்கள் நலம். பல்லும் நலம், அதே இடத்தில்தான் இருக்கிறது.

நெயில் பாலிஷ் வாங்கப் போன இடத்தில் கடைக்கார அக்கா "யாருக்கு?" என்றார். மண்ணுக்குள் போகப்போகிற ஒருத்திக்கு என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து பாக்கிச் சில்லறைகூட வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது என் முள்கரண்டிகள் எல்லாம் சிவப்பு நகத்தோடு பக்கெட் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இவ்வளவு நாள் ஊரே சொல்லியும் என் வாயை மூடத் தெரியாத நான், தகட்டின் வாயை மூடக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

தையல் மாமா வாசலில் நின்று பார்த்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். "பிசுறு இருந்தா நூலும் நிக்காது, பூச்சும் நிக்காது. அந்த ஓரத்தை உப்புக்காகிதம் போட்டுத் தேச்சுட்டுப் பூசு" என்றார். தேய்த்தேன். பிறகு அவர் செருப்பில் மீதி நெயில் பாலிஷை ஒரு சொட்டு விட்டேன். போர் என்றால் போர்தான்.

இப்படிக்கு,
வாயடைப்புத் துறை

அப்பா சேர்ப்பது: நல்லா செய்கிறாள். அம்மா இருந்தால் சிரித்திருப்பாள். நீ சாப்பாட்டைக் குறைக்காதே.

ஏப்ரல் 11

வாயடைப்புத் துறைக்கு,

இங்கே எல்லோரும் சுகம், எல்லோரும் என்றால் நானும் சமையல்காரரும்.

பக்கெட்டில் வாரக்கணக்கில் கிடந்தும் கணக்கு மாறாமல் காட்டினால் மண்ணில் குத்து. தையல் மாமா சொன்னது சரி. அவரைக் கொஞ்சம் மரியாதையாக நடத்து.

கோடை போனதும் மழைச் சரிவுக்குப் பயந்து இங்கே பாதையை மூடுவார்கள். கடிதம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

ஜூன் 5

மரியாதை ஆலோசகருக்கு,

நலம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அங்கே பாதை மூடியாகிவிட்டதா?

பெட்டி மேட்டில் ஏறியாகிவிட்டது. நேற்று போய்ப் பார்த்தேன், உருண்டை உன் பழைய சட்டை மாதிரி நீலம். ஆனாலும் ஒரு வம்பு. புதன்கிழமை ஹாரன் கத்தியது. இந்தத் தடவை பொய் இல்லை, மண் நிஜமாகவே கோடு வரை குடித்திருந்தது. எல்லோரும் மழையில் ஓடி, பள்ளிக்கூடக் கொட்டகையில் மாலை வரைக்கும் நடுங்கிக்கொண்டு நின்றோம். மேடு அசையவே இல்லை. சனிக்கிழமை மறுபடி அதே கதை. தையல் மாமா வெட்டி வைத்திருந்த கல்யாணத் துணி திறந்த ஜன்னலோரம் நனைந்து சாயம் ஓடிவிட்டது. அவருக்குக் காய்ச்சல் வேறு.

எல்லோருடைய கோபமும் என்மேல். சார் கோட்டை ஏற்ற மாட்டேன் என்கிறார். "ஓடினவன் திட்டுவான். திட்டுறதுக்கு உயிரோட இருக்கான்ல" என்கிறார். நேற்று தையல் மாமா போர்வையோடு நம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ரொம்ப நேரம் பேசினார். அப்பா என்னை டீ போட அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது, "சரிப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் புதுச் சீருடைத் துணியை மாமாவிடம் கொடுத்திருக்கிறேன், சமாதானத் தூதாக.

இப்படிக்கு,
ஊரே வெறுக்கும் ஹாரனின் தாய்

அப்பா சேர்ப்பது: அனைவரும் சுகம். ஹாரன் பற்றி நீ கவலைப்படாதே.

ஜூலை 28

அண்ணாவுக்கு,

உன் பதில் இல்லை, பாதை இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு கடிதமாக வந்து சேரட்டும் என்று இதையும் போடுகிறேன். நலம்தானே?

மழை விடவே இல்லை. ஆனால் என் பெட்டி அடங்கின பிள்ளையாகிவிட்டது. தையல் மாமா வந்து பேசிய அன்றைக்குப் பிறகு ஹாரன் வாயே திறக்கவில்லை. அப்பா அடுத்த நாளே ஏணியை எடுத்துக்கொண்டு கம்பத்துப் பக்கம் போனார், என்னவோ சரி செய்தார் போல. குடியிருப்பே இப்போது என்னிடம் சிரிக்கிறது. தையல் மாமா சீருடைக்கு அளவெடுக்கும்போது காதைத் திருகி, "இப்பதான் பொம்பளப் புள்ளையா அடக்கமா இருக்கு உன் மெஷினு" என்றார். மெஷினுக்கு என்ன ஆண், பெண் என்று கேட்டேன். "என் மெஷினு பொம்பளதான். நான் பேசினா அது நிறுத்தாது" என்றார்.

மேட்டில் வழுக்கல், ஏறக் கூடாது என்று சார் தடை போட்டிருக்கிறார். அதனால் உருண்டையைப் பார்க்க முடியவில்லை.

இப்படிக்கு,
நல்ல பெயர் எடுத்துவிட்ட நான் (தேதியைக் குறித்துக்கொள்)

அப்பா சேர்ப்பது: சுகம்.

ஆகஸ்ட் 3

பாப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் இன்று ஒரே பையில் வந்தன. நான் சுகம், அதெல்லாம் பிறகு.

இவ்வளவு மழையில் ஹாரன் சும்மா இருப்பது நல்ல செய்தி இல்லை. அப்பா எதற்கு ஏணியோடு போனார்? பெட்டியின் பக்கத்தில் சோதனைப் பொத்தான் இருக்கும். சாரைக் கூட்டிக்கொண்டு கயிறு கட்டியாவது மேலே போய் அழுத்து. ஹாரன் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அன்றைக்கே எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டிப் போ. திட்டினால் வாங்கிக்கொள். சிரிக்காமல் படி இதை.

லாரி இறங்குகிற அன்று இது கிளம்பும். எப்போது இறங்கும் என்று தெரியவில்லை.

அண்ணன்

ஆகஸ்ட் 19

அண்ணா,

நானும் அப்பாவும் இருக்கிறோம்.

வியாழக்கிழமை மத்தியானம் மேடு இறங்கிவிட்டது. கடைசி வீடு மட்டும். தையல் மாமா உள்ளே தைத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்கூலில் இருந்தேன். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

ஹாரன் தாமதமாகத்தான் கத்தியது. எல்லாம் முடிந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது. எல்லோரும் மண்வெட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, அதனால்தான் தாமதம். நான் சரியாக மூடவில்லை. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது.

அன்றைக்குக் காலையில்தான் மாமா சீருடையைக் கொடுத்தனுப்பியிருந்தார். சட்டைக் கைகளை மறுபடியும் வாய் மூடித் தைத்திருக்கிறார். நான் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 30

பாப்பாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? அப்பா எப்படி இருக்கிறார்? வழக்கமாக எழுதுகிற வரியை அவர் எழுதவில்லை.

தையல் மாமாவை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். எனக்கு முதல் முழுக்கால் சட்டை தைத்தவர்.

நான் உனக்கு முதலிலேயே எழுதியிருந்தேன். தண்ணீர் புகுந்தால் அது முந்திக்கொண்டு கத்தும். பிந்திக் கத்தாது. நீ மறக்கிற ஆள் இல்லை.

அண்ணன்

செப்டம்பர் 12

அண்ணா,

நாங்கள் சுகம். நீ சுகமா?

குவாரி கம்பெனி ஆபீசர்கள் வந்து பெட்டி எங்கே என்று கேட்டார்கள். மண்ணோடு போய்விட்டது என்றேன். மேட்டின் இந்தப் பக்கம் இறங்கவில்லை, அதனால் போகவில்லை. நான்தான் முதலில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். நீ வைத்துக்கொள். மூடியின் மேல் சுற்றியிருக்கும் கறுப்பு டேப்பைப் பிரிக்காதே.

அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார். தட்டைப் போட்டால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார்.

செப்டம்பர் 27

பாப்பாவுக்கு,

பிரித்துவிட்டேன். நுனியை மடித்திருந்தாய், சுலபமாக வந்தது.

உருண்டை நீலம்.

பெட்டியைத் திறந்தேன். தூசிகூட இல்லை. தகட்டைக் காற்றில் பிடித்தேன், மண்ணில் குத்தினேன், பக்கெட்டில் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறது. இங்கே நான் மூடிய பெட்டிகளில் பாதி இவ்வளவு சுத்தம் இல்லை. நீ மூடியதில் ஒரு துளி புகவில்லை. இதை நான் உன்னிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டியது.

அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, ஒயரில். அந்தக் கம்பத்தில் ஏணி வைத்து ஏறுகிறவர் யார் என்று எனக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. சொல்வதானால் நீயே சொல்.

சாப்பிடு.

அண்ணன்

அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்த ஒரு கடிதத்தை அப்பாவிடம் காட்டாமல் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஸ்கூலிலிருந்து ஓடி வந்து, யாரும் பார்க்காதபோது நம் மதில்மேல் ஏறி ஹாரனைப் பார்த்தேன். ஒயர் துண்டாக இருந்தது. பிய்ந்தது இல்லை, பிளையர் வெட்டு. நுனியில் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி மடித்திருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை அண்ணா, இழுத்ததும் வந்துவிட்டது. ஒயரை முறுக்கிச் சேர்த்தேன். ஆபீசர்கள் வந்து பார்க்கும்போது வெட்டுத் தெரியக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். சேர்த்ததும் அது கத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி மேலே உயிரோடு அத்தனை நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க யாரும் இல்லை.

கீழே அப்பா வெறுங்கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் மதில்மேல் இருந்த என்னைப் பார்த்தார். அதன் பிறகு இன்றுவரை நாங்கள் அதைப் பேசவில்லை.

வெட்டச் சொல்லிக் கேட்டது தையல் மாமா. காய்ச்சலோடு வந்து, "ஹாரனைக் கழட்டினா வாத்தியார் சண்டைக்கு வருவாரு, ஒயரை மட்டும் வெட்டி விட்டுருய்யா" என்று கெஞ்சினாராம். டீ போடும்போதே எனக்குப் பாதி காதில் விழுந்தது. அதைச் சொன்னால் செத்துப்போனவர்மேல் பழி. அப்பாவைச் சொன்னால் குவாரி வேலை போகும், கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், ஜெயில்கூட இருக்கலாம். அதையெல்லாம்விட, தெருவில் ஒருவரும் அவர் முகத்தில் விழிக்க மாட்டார்கள். நடுவில் என் பெயர்தான் ஏற்கெனவே அழுக்கு. இன்னும் ஒரு கறை பட்டால் வித்தியாசம் தெரியாது. 'சிறுமி செய்த விளையாட்டுப் பொருள், நீர் புகுந்து பழுது' என்று எழுதிக்கொள்ள ஆபீசர்களுக்கும் ஆசையாக இருக்கிறது. ஸ்கூலைவிட்டு நிறுத்துவார்கள், அவ்வளவுதான். கை வராத சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போயும் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை விசாரணை. உன் நிலையத்துக்கும் ஆள் அனுப்பலாம் என்று சார் சொன்னார். கேட்டால் உருண்டை சிவப்பு என்று சொல்லிவிடு. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், பொய்கூட இல்லை. எவ்வளவு குறும்பு செய்தும் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் செய்.

அப்பா நேற்று அரைத் தட்டு சாப்பிட்டார்.

இப்படிக்கு,
உன் தங்கை

அப்பா சேர்ப்பது: மழை ஈரத்தில் கவரின் பிசின் பிடிக்கவில்லை. மேசைமேல் வாய் திறந்து கிடந்தது, படித்துவிட்டேன். உருண்டைமேல் தண்ணீர் விடாதே. அது நீலமாகவே இருக்கட்டும், அவள் வேலை அது. ஆபீசுக்கு நாளைக்கு நான் போகிறேன். போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சட்டைக் கையை இன்று காலை பிளேடால் பிரித்து வைத்திருக்கிறேன். அங்கே குளிர் கூடியிருக்கும். மஃப்ளர் கட்டிக்கொள்.